முழங்கால் தேய்மானத்துக்கு மோக்ஸா ஊசி: வேலை செய்வது ஊசியா, சூடா?

வாசகர் கேள்வி, 6 ஆகஸ்ட் 2023

என் மாமியாருக்கு 68 வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருப்பதாகப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொல்லி, வலி மாத்திரையும் தடவுவதற்குக் களிம்பும் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தளத்தில் குடியிருக்கும் சீனப் பாட்டி ஒருவர், ஊசியைக் குத்தி அதன் தலையில் மோக்ஸா என்னும் மூலிகையைச் செருகிக் கொளுத்தும் சிகிச்சையால் தாம் மீண்டும் படியேறுவதாகச் சொல்கிறார். சிகிச்சை தரும் இடத்தில் விசாரித்தபோது, தொடர்ந்து வந்தால் தேய்ந்த குருத்தெலும்பு மறுபடியும் வளர்ந்துவிடும் என்றார்கள். இது உண்மையா? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

6 ஆகஸ்ட், இரவு

குருத்தெலும்பு வளராது. வலி குறையக்கூடும். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் வைத்துக்கொண்டால் மற்றவற்றைப் பொறுமையாகப் பேசலாம்.

7 ஆகஸ்ட்

நேற்று எழுதியது மிகச் சுருக்கமாக இருந்தது என்று சிலர் கோபித்துக்கொண்டிருப்பதால் விரித்து எழுதுகிறேன். நான் இங்கே சிங்கப்பூரில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன், மருத்துவன் அல்லன். என் வலது முழங்காலிலும் இதே தேய்மானம் இருக்கிறது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்தவர்கள் இரண்டாம் நிலை என்று எழுதினார்கள். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957 இல் வகுத்த அந்த நிலைக்கணக்கு பூஜ்யத்தில் தொடங்கி நான்கில் முடிகிறது. படத்தில் காணும் நிலைக்கும் மனிதன் உணரும் வலிக்கும் நேரான தொடர்பு கிடையாது. நான்காம் நிலைக்காரர் சந்தைக்கு நடந்து போவதும், இரண்டாம் நிலைக்காரரான நான் பேருந்துப் படியில் ஏறத் தயங்குவதும் அன்றாடம் நடப்பவைதாம்.

கேட்டவர் குறிப்பிடும் சிகிச்சையை நானும் ஒரு பருவம் முழுவதும் எடுத்துக்கொண்டேன். மல்லாந்து படுக்கச் செய்து, முழங்கால் சற்று மடங்கும்படி அதன் அடியில் தலையணை வைப்பார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இரு பக்கமும் விரலால் தடவினால் தட்டுப்படும் குழிகளில் இரண்டு ஊசிகள், சில்லுக்கு மேலே தொடைத் தசையில் ஒன்றோ இரண்டோ, கெண்டைக்கால் எலும்பின் வெளிப்புறத்தில் சுசான்லி என்று அவர்கள் அழைக்கும் புள்ளியில் ஒன்று என்பது வழக்கமான அமைப்பு. ஊசி இறங்கியதும் ஒருவித மந்தமான கனம் தோன்றும். அந்த உணர்வு வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஊசிக்குப் போவார்கள். அதன் பிறகு உலர்ந்த இலைப் பஞ்சை உருட்டிய சிறு துண்டுகளைச் சில ஊசிகளின் தலையில் செருகி, கீழ்முனையில் நெருப்பு வைப்பார்கள். சாம்பல் தோலில் விழாதிருக்க நடுவில் துளையிட்ட அட்டை ஒன்றை ஊசியைச் சுற்றி விரித்து வைப்பார்கள். ஒரு துண்டு எரிந்து முடிந்ததும் இன்னொன்று வைப்பார்கள்; எல்லாம் முடிய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும்.

அந்த அரை மணி நேரம் இதமானது என்பதை மறுப்பதற்கில்லை. எழுந்து நடக்கும்போது முட்டி இலகுவாக இருக்கும். அன்றிரவு நன்றாகத் தூங்குவேன். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பழைய விறைப்பு திரும்பிவிடும். இதை வைத்து நான் எதையும் நிறுவ முயலவில்லை; தேய்மான வலி தானாகவே ஏறியும் இறங்கியும் வரும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் சிகிச்சையைத் தேடிப் போகிறான், ஆகவே எதைச் செய்துகொண்டாலும் அதற்குப் பின் வலி சற்றுக் குறையவே வாய்ப்பு அதிகம்.

9 ஆகஸ்ட்

"ஊசியைச் செக்கச்செவேலென்று காய்ச்சிக் குத்துவார்கள், அதை எப்படி இதமானது என்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொல்வது வேறு சிகிச்சை. சீன மருத்துவத்தில் சூட்டையும் ஊசியையும் சேர்க்கும் முறைகள் குறைந்தது இரண்டு உண்டு. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. முதலாவது, நான் மேலே விவரித்த மோக்ஸா ஊசி. இரண்டாவது நெருப்பூசி: சாராய விளக்கின் சுடரில் ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, கண்ணிமைக்கும் நேரத்தில் குத்தி, உடனே உருவிவிடுவது. அதிக வெப்பத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் அதற்கு டங்ஸ்டன் கலந்த ஊசிகளைப் பயன்படுத்துகிறார்கள். பெய்ஜிங் நகரில் பணியாற்றி 2015 இல் மறைந்த ஹெ புரென் என்ற மருத்துவர், வழக்கொழிந்துகொண்டிருந்த இந்த முறையை மீண்டும் பரவச் செய்தவராக மதிக்கப்படுகிறார்.

நெருப்பூசி சிறு தீப்புண்ணை வேண்டுமென்றே உண்டாக்குகிறது, மோக்ஸா ஊசியோ தீப்புண் வராமல் சூடு தர முயல்கிறது. மாமியாரை அழைத்துச் செல்லும் முன் எது நடக்கப்போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் நெருப்பூசியைச் செய்துகொண்டதில்லை. செய்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

13 ஆகஸ்ட்

படுத்திருந்தபோது எனக்கு ஓயாமல் எழுந்த கேள்வி ஒன்று உண்டு. மோக்ஸாவின் சூடு ஊசி வழியாக மூட்டுக்குள் ஆழமாக இறங்குகிறது என்பதுதான் இந்தச் சிகிச்சைக்குச் சொல்லப்படும் விளக்கம். சுவரில் தொங்கிய படத்தில்கூட ஊசியின் நுனியிலிருந்து சிவப்புக் கோடுகள் கிளம்பி எலும்பைச் சூழ்ந்திருந்தன. ஆனால் ஊசி எவர்சில்வரால் ஆனது. உலோகங்களிலேயே வெப்பத்தை மந்தமாகக் கடத்துபவற்றில் அது ஒன்று. செம்பும் வெள்ளியும் அதைவிட இருபது மடங்குக்கும் மேலாகக் கடத்துகின்றன. கொதிக்கும் குழம்பில் கிடக்கும் எவர்சில்வர் கரண்டியின் காம்பை நாம் துணியில்லாமல் பிடிப்பது இதனால்தான்.

தோராயமாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பியில், காற்றுக்கு இழக்கும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் தூரத்துக்கு ஒருமுறை, சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாக இருக்கும் வெப்பநிலை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். மோக்ஸா தோலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் எரிகிறது. அந்தத் தூரத்தைக் கடந்து தோலை அடையும்போதே ஊசி வழியாக வரும் வெப்பத்தில் குறிப்பிடத்தக்க அளவு எதுவும் மிஞ்சாது. அதன் பிறகு தசைக்குள் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் இருக்கிறது.

காகிதக் கணக்கு மட்டும் போதாது என்பதால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். நீளமான ஊசி ஒன்றை உருளைக்கிழங்குத் துண்டுக்குள் நுனி மறுபுறம் சிறிது வெளியே தெரியும்படி செருகி, தலையில் மோக்ஸாத் துண்டை எரியவிட்டேன். கிழங்கின் மேற்புறம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அடியில் நீட்டிக்கொண்டிருந்த நுனியைத் தொட்டால் சூடே இல்லை. வீடெங்கும் புகை. எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, எல்லோரும் நலந்தானா என்று கேட்டார். சமையலறையை இனிமேல் ஆய்வகமாகப் பயன்படுத்தக் கூடாது என்று மனைவி தீர்ப்பளித்துவிட்டாள்.

ஆகவே என் முழங்காலை இதமாக்கியது மேலிருந்து கதிர்வீச்சாக வந்து தோலில் இறங்கிய சூடு என்றே முடிவுக்கு வருகிறேன். அந்தச் சூடு உண்மையானது, பயனுள்ளது. ஊசி அதற்கு ஒரு தாங்கி.

14 ஆகஸ்ட்

"கிழங்கில் இரத்த ஓட்டம் இல்லை, உயிருள்ள உடம்போடு அதை ஒப்பிடலாமா?" என்ற மறுப்பு வந்திருக்கிறது. மறுப்பு சரியே, ஆனால் அது என் பக்கம்தான் சேர்கிறது. இரத்த ஓட்டம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால், உயிருள்ள தசையில் ஊசி நுனி இன்னும் குளிர்ந்திருக்குமே தவிரச் சூடாக இருக்காது.

20 ஆகஸ்ட்

மேலே எழுதியதற்கு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஷாங்காயில் சில ஆண்டுகள் வேலை பார்த்த வாசகர் ஒருவர் எடுத்துக்காட்டியது. அங்கே தசைவலிக்கென்றே தடிமனான வெள்ளி ஊசிகளைக் குத்தி, அவற்றைச் சூடேற்றும் முறை இருக்கிறது. வெள்ளிக்கு என் கணக்கைப் போட்டால் படம் மாறுகிறது: கடத்துதிறன் அதிகம், தடிமனும் அதிகம், ஆகவே சூடு சில சென்டிமீட்டர் வரை தாக்குப்பிடித்து இறங்கும். அந்த ஊசிகளை மரத்துப்போகும் மருந்து செலுத்திய பிறகே குத்துகிறார்கள் என்பதும் இதோடு பொருந்துகிறது. ஆழத்தில் சூடு வேண்டுமென்று உண்மையிலேயே நினைத்தவர்கள் எஃகை விட்டு வெள்ளிக்குப் போயிருக்கிறார்கள். நான் சொன்னது மெல்லிய எஃகு ஊசிக்கும் அதன் தலையில் எரியும் மோக்ஸாவுக்கும் மட்டுமே பொருந்தும். இங்கே அண்டைப்பேட்டைகளில் உள்ள சீன மருந்தகங்களில் நம்மவர்கள் செய்துகொள்வதும் அதுதான்.

27 ஆகஸ்ட்

"உங்கள் கிழங்கை விடுங்கள், ஆய்வுகள் என்ன சொல்கின்றன?" என்ற கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

சூடேற்றாத சாதாரண அக்குபங்சரைப் பற்றி முழங்கால் தேய்மானத்தில் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஜெர்மனியில் 294 பேரை மூன்று குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2005 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உரிய புள்ளிகளில் ஊசி போட்டவர்களுக்கு, புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி போட்டவர்களைவிட எட்டாவது வாரத்தில் வலி குறைவாக இருந்தது. ஓராண்டு முடிவில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதே நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தி 2006 இல் வெளியான இன்னோர் ஆய்வு இன்னும் சுவையானது. ஆறு மாத முடிவில் நன்கு தேறியவர்கள், முறையான அக்குபங்சர் குழுவில் 53 விழுக்காடு, புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தும் போலி அக்குபங்சர் குழுவில் 51 விழுக்காடு, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற குழுவில் 29 விழுக்காடு.

இந்த மூன்று எண்களையும் நிதானமாகப் பாருங்கள். ஊசியை எங்கே குத்துகிறோம் என்பது ஏறக்குறைய எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. ஆனால் ஊசியோ போலி ஊசியோ போட்டுக்கொண்டவர்கள், போடாதவர்களைவிட வெகுவாகத் தேறியிருக்கிறார்கள். அக்குபங்சரின் எதிரிகள் முதல் இரண்டு எண்களை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். ஆதரவாளர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். ஜெர்மானியக் காப்பீட்டு முறை இரண்டாம் தரப்பின் வழியில் சென்று, 2007 முதல் முழங்கால் தேய்மானத்துக்கும் நாட்பட்ட முதுகுவலிக்கும் அக்குபங்சர் செலவை ஏற்றுக்கொண்டது.

ஆஸ்திரேலியாவில் 282 பேரிடம் நடத்தி 2014 இல் வெளியிட்ட ஆய்வு, ஊசிக்குப் பதிலாகப் புள்ளியில் ஒளிக்கதிர் பாய்ச்சும் லேசர் அக்குபங்சர் போலி லேசரைவிட மேலாக எதையும் செய்யவில்லை என்றது. ஊசிக்கும் அந்தப் போலி லேசருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. சீனாவில் 480 பேரிடம் நடத்தி 2021 இல் வந்த ஆய்வில், மின்னூட்டிய ஊசி போலியைவிட மேலாக இருந்தது. கையால் மட்டும் திருகிய ஊசி, போலியைவிட மேல் என்று சொல்லத் தேவையான எல்லைக்கோட்டைச் சற்றுத் தாண்டாமல் நின்றுவிட்டது. பல நாடுகளின் தரமான 39 ஆய்வுகளிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2018 இல் செய்த மறுகணக்கீடு, நாட்பட்ட வலியில் ஊசி போலியைவிடச் சிறிதளவு மேல் என்றும், ஊசியே இல்லாததைவிட நன்றாகவே மேல் என்றும் சொல்கிறது.

மோக்ஸா ஊசிக்கு வந்தால் நிலைமை மோசம். நான் தேடிப் படித்தவற்றில் பெரும்பாலானவை அதை வலி மாத்திரையோடு அல்லது மூட்டை வழுவழுப்பாக்க அதற்குள் செலுத்தும் ஹயலூரானிக் அமில மருந்தோடு ஒப்பிடுபவை. "பலனடைந்தோர் மொத்த விழுக்காடு" என்று ஒரு எண்ணைச் சொல்லி முடித்துவிடுகின்றன. சிகிச்சை எது என்று நோயாளிக்குத் தெரியும்: காலில் புகைகிறதே! புகையையும் சூட்டையும் போலியாகச் செய்வது எளிதன்று, ஆகவே எதிர்பார்ப்பின் பங்கைப் பிரித்தெடுக்க முடிவதில்லை. எனக்கு வேண்டிய ஒப்பீடு எளிமையானது. ஒரு குழுவுக்கு மோக்ஸா ஊசி, இன்னொரு குழுவுக்கு அதே உயரத்தில் ஊசியில்லாமல் அதே மோக்ஸா, மூன்றாவது குழுவுக்குச் சூடு இல்லாத ஊசி. இப்படி மூன்றையும் பெரிய அளவில், கணிப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் ஒப்பிட்டால்தான் ஊசி தேவையா என்பது தெரியவரும்.

28 ஆகஸ்ட்

சீனாவிலிருந்து வரும் ஆய்வுகளை நம்பலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆம், 1998 இல் ஒரு குழுவினர் நாடுவாரியாக எண்ணிப் பார்த்தபோது சீனாவிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகள் அத்தனையும் சாதகமான முடிவையே சொல்லியிருந்தன என்பது எனக்கும் தெரியும். எல்லாத் தேர்வுகளிலும் எல்லோரும் தேறும் பள்ளிக்கூடத்தில் தேர்வுத்தாளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அதற்காக மேலே சொன்ன 2021 ஆம் ஆண்டு ஆய்வையும் சேர்த்துத் தள்ளிவிட வேண்டாம். அதை நடத்தியவர்கள் தங்களுக்குப் பாதகமான எண்ணையும் அச்சிட்டிருக்கிறார்கள்.

3 செப்டம்பர்

நான் மேற்கத்திய மருத்துவத்தின் வக்கீல் என்று எழுதியவருக்கு: முழங்காலுக்குள் குழாய்விட்டுக் கழுவியும் சுரண்டியும் செய்யும் அறுவைச் சிகிச்சை ஒரு காலத்தில் தேய்மானத்துக்கு வெகுவாகச் செய்யப்பட்டது. 2002 இல் அமெரிக்காவில் 180 பேரிடம் நடத்திய ஆய்வில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். உண்மையான அறுவை பெற்றவர்கள் அவர்களைவிட மேலாகத் தேறவில்லை. மூட்டுக்குள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு செலுத்தி இரண்டு ஆண்டுகள் கவனித்த 2017 ஆம் ஆண்டு ஆய்வில், உப்புநீர் செலுத்தப்பட்டவர்களைவிட அவர்களுடைய குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது, வலியில் வேறுபாடும் இல்லை. கத்திக்கும் மருந்துக்கும் வைத்த அதே அளவுகோலைத்தான் ஊசிக்கும் வைக்கிறேன்.

10 செப்டம்பர்

"ஈராயிரம் ஆண்டுப் பழைமையான முறை" என்ற வாதத்தைப் பலர் எழுதியிருப்பதால் அதையும் பார்த்துவிடலாம். சீனாவின் கிழக்கு ஹான் அரசமரபுக் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய காய்ச்சல் நூலில் சூட்டூசி என்ற பெயர் வருகிறது. ஆனால் எச்சரிக்கையாக வருகிறது. குளிர்க்காய்ச்சலின் தொடக்கத்தில் அதைச் செய்தால் நோயாளி திடுக்குற்று அஞ்சுவான் என்கிறார். அவர் சொன்ன ஊசி இன்றைய மோக்ஸா ஊசிதானா, அல்லது நெருப்பூசியா என்பது வேறு விவாதம்.

இன்றைய முறையை ஒத்த விவரம் மிங் காலத்தில், 1601 இல் யாங் ஜிஜோவ் தொகுத்த பெருநூலில் கிடைக்கிறது. அது சூ நாட்டாரின் வழக்கம் என்றும், மலையிலும் காட்டுப்புறத்திலும் வாழும் ஏழைகள் காற்றாலும் குளிராலும் நோயுற்றால் அவர்களுக்கு ஒருவேளை பலிக்கலாம் என்றும் அந்நூல் சொல்கிறது. "ஒருவேளை பலிக்கலாம்" என்பதில் உள்ள அடக்கம் நான் போன இடத்தின் விளம்பர அட்டையில் இல்லை. அரண்மனை மருத்துவமனையிலிருந்து அக்குபங்சரையே 1822 இல் சிங் பேரரசர் விலக்கிவைத்தார் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இடையறாத பொற்காலம் ஒன்று இருந்ததாகச் சொல்வது கடினம்.

17 செப்டம்பர்

நம் மரபில் இதுபோல் இல்லையா என்று கேட்டவர்களுக்கு: இருக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில், தோலில் சூடு போடும் சுட்டிகையும் ஒன்று. அழல் கீல்வாயு என்று சித்தர்கள் சொன்ன நோயை இன்றைய சித்த மருத்துவர்கள் மூட்டுத் தேய்மானத்தோடு பொருத்துகிறார்கள். அதற்கு முழங்காலில் சுட்டிகை போடும் வழக்கம் உண்டு. ஆயுர்வேதத்தில் அக்கினிகர்மா இதே வகை. இவையெல்லாம் தோலைச் சுடுபவை என்பதால் மோக்ஸா ஊசியைவிட நெருப்பூசிக்கே நெருக்கமானவை. இதமான சூட்டுக்கு நம்மிடம் இருப்பது ஒற்றடம். என் பாட்டி நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றுவார், புகையில்லை, கட்டணமுமில்லை.

மோக்ஸாவின் மூலிகை ஆர்டிமீசியா இனத்தது. நம் மாசிபத்திரியும், பூக்கடையில் கட்டுக்கட்டாக விற்கும் மரிக்கொழுந்தும் அதே இனம்தான். சீனாவில் ஹூபெய் மாகாணத்துச் சிச்சுன் வட்டாரத்து இலைக்குத் தனி மதிப்பு. இலையை இடித்துச் சலித்து, அடிப்புறத்து மென்மயிரைப் பஞ்சாகத் திரட்டி, பல ஆண்டுகள் பழைமையாக்குவார்கள். மலேரியா மருந்துக்காக 2015 இல் நோபல் பரிசு பெற்ற து யூயூ எடுத்துக்கொண்ட செடியும் இக்குடும்பத்ததே, ஆனால் வேறு சிற்றினம். அந்தப் பரிசை மோக்ஸாவுக்குச் சான்றாகக் காட்டுவது முறையன்று. மரிக்கொழுந்தை ஊசியில் செருகிப் பார்த்தீர்களா என்று கேட்ட நண்பருக்கு: எதிர்வீட்டுக்காரர் இன்னும் என்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார், அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

1 அக்டோபர்

நகைச்சுவையை நிறுத்திவிட்டு ஆபத்துகளைப் பேச வேண்டும், ஏனெனில் கேட்டவர் தம் மாமியாருக்கு நீரிழிவு இருப்பதாக இப்போதுதான் எழுதியிருக்கிறார்.

தோல் 44 பாகை செல்சியசில் மணிக்கணக்கில் இருந்தால்தான் புண்ணாகும். அதற்கு மேல் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் தாங்கும் நேரம் மளமளவென்று குறைகிறது. நம்மைக் காப்பது வலி. ஏறக்குறைய 43 பாகையில் நரம்பு கத்தத் தொடங்குகிறது, நாம் "சுடுகிறது" என்கிறோம், மருத்துவர் அட்டையை நகர்த்துகிறார். நீரிழிவினால் நரம்பு மரத்துப்போனவருக்கு இந்தக் காவல் இல்லை. புண் வந்த பிறகே தெரியும், வந்த புண் ஆறவும் நாளாகும். முழங்காலைச் சுற்றியுள்ள தோலில் உணர்வு நன்றாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளாமல் இதற்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எனக்கே ஒருமுறை எரியும் துண்டு கழன்று அட்டையின் விளிம்பில் விழுந்து, காலில் மொச்சைக்கொட்டை அளவுக்குக் கொப்புளம் எழுந்தது. அந்த நேரத்தில் அறையில் யாரும் இல்லை; ஒருவர் மூன்று திரைகளுக்குப் பின்னால் மூன்று பேரைக் கவனித்துக்கொண்டிருந்தார். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. கொரியாவில் 212 பேரிடம் மோக்ஸாவை மட்டும் சோதித்து 2014 இல் வெளியிட்ட ஆய்வு, வலி குறைந்ததைச் சொன்னதோடு தோல் சுட்ட நிகழ்வுகளையும் பதிவு செய்திருக்கிறது. ஆகவே இது என் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் அன்று.

இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள், தோலில் புண் அல்லது கரப்பான் உள்ளவர்கள், முட்டி சிவந்து சூடாக வீங்கியிருப்பவர்கள் விலகியிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம்: சிவந்து வீங்கிய முட்டி தேய்மானமாக இல்லாமல் கிருமித்தொற்றாகவோ மூட்டில் படிகம் சேரும் கீல்வாதமாகவோ இருக்கலாம், அதற்கு ஊசியும் சூடும் போட்டால் கேடுதான். ஆஸ்துமா உள்ளவர்கள் புகையைத் தாங்க மாட்டார்கள். சிங்கப்பூரில் 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அக்குபங்சர் செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி உறையிலிருந்து உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து எழுதியவர், தம் ஊரில் ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுச் சிகிச்சை தருகிறார்கள் என்கிறார். அதில் தீப்புண் ஆபத்து இல்லைதான். ஆனால் அத்தகையவர்களில் சிலர் நீரிழிவு மாத்திரையையும் நிறுத்தச் சொல்வார்கள். அந்த அறிவுரை கொப்புளத்தைவிடக் கொடியது.

15 அக்டோபர்

மருத்துவர்களுக்குச் சிகிச்சை நெறிகளை வகுக்கும் வழிகாட்டி அமைப்புகள் இதில் ஒத்துப்போகவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014 இலும் மறுபடி 2022 இலும் மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபங்சர் வழங்க வேண்டாம் என்றது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் 2019 இல் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. இரு தரப்பினரும் ஏறக்குறைய அதே ஆய்வுகளைத்தான் படித்தார்கள்; போலியைவிட எவ்வளவு மேல் என்று கேட்டவர்கள் வேண்டாம் என்றார்கள், வலிக்காரருக்கு எது தீங்கின்றி ஆறுதல் தரும் என்று கேட்டவர்கள் வேண்டுமானால் செய்யலாம் என்றார்கள். இரு தரப்பும் முதலிடத்தில் வைப்பது உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும்தான்.

5 நவம்பர்

"இவ்வளவு குறை சொல்லும் நீங்கள் ஏன் தொடர்ந்து போனீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி, நானும் யோசித்துப் பார்த்தேன்.

முதல் காரணம் அந்த மருத்துவர். பலதுறை மருந்தகத்தில் என் முட்டியை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. திரையில் படத்தைப் பார்த்தார்கள், மாத்திரை எழுதினார்கள். இவர் காலை மடக்கி நீட்டி, எங்கே வலிக்கிறது என்று விரலால் தேடி, எந்த வேளையில் வலிக்கிறது என்று கேட்டார். அமெரிக்காவில் 2010 இல் வந்த ஆய்வொன்றில், ஊசி போடுபவர்களில் சிலரை "நிச்சயம் குணமாகும்" என்ற தொனியிலும் சிலரை "பார்க்கலாம்" என்ற தொனியிலும் பேசப் பழக்கினார்கள். உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் வேறுபாடு தெரியவில்லை. பேசிய தொனிக்கு வேறுபாடு தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றம் ஏற்படவில்லை. நாற்பது மாணவர்கள் இருக்கும் வகுப்பில் நின்றவனுக்கு இது புதிய செய்தியும் அன்று.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிகிச்சை முடிந்த அன்றும் மறுநாளும் வலி குறைந்திருந்ததால், இயன்முறை மருத்துவர் எழுதிக்கொடுத்துப் பல மாதங்களாக மேசை இழுப்பறையில் கிடந்த பயிற்சிகளை என்னால் செய்ய முடிந்தது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, தொடைத் தசையை இறுக்கி முழங்காலை நீட்டிப் பிடிப்பது, படியில் பக்கவாட்டில் ஏறுவது ஆகியவை அவை. தொடைத் தசை வலுவடைய வலுவடைய, முட்டி விறைக்கும் நாட்கள் குறைந்தன. பிறகு ஊசிக்குப் போவதை நிறுத்தினேன், பயிற்சியை நிறுத்தவில்லை. இப்போது காலையில் பயிற்சிக்கு முன் வெந்நீர்ப்பையை முட்டியில் வைத்துக்கொள்கிறேன். மோக்ஸா தந்த இதத்தில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடுகிறது. முழுவதும் கிடைக்கிறதா என்றால் இல்லை. அந்த மணம், படுக்கை, அரை மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாத திரைமறைவு ஆகியவை வெந்நீர்ப்பையில் வருவதில்லை.

ஆகவே என் கிழங்குக் குறிப்பில் ஊசியை வெறும் தாங்கி என்று எழுதியதைச் சற்று விரிவாக்குகிறேன். ஊசி குத்தியிருப்பதால்தான் மனிதன் அசையாமல் அரை மணி நேரம் கிடக்கிறான். ஒற்றடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்து தொலைபேசியை எடுக்கப் போய்விடுவான். இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் உங்களை நாற்காலியில் கட்டிப்போட்டு ஒற்றடம் கொடுக்கிறேன், பணம் மிச்சம்" என்கிறாள் மனைவி.

12 நவம்பர்

தென்கொரியாவில் தங்க இழையை முழங்காலில் புதைத்துவிடுகிறார்களாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான். முட்டியைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு கோடுகள் மின்னும் எக்ஸ்ரே படமொன்று 2013 இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. அவை உடம்பிலேயே தங்கிவிடும். பின்னாளில் எக்ஸ்ரே படத்தைப் படிப்பதே கடினமாகும், எம்ஆர்ஐ எடுப்பதிலும் சிக்கல் வரும். மோக்ஸா ஊசியோடு அதைச் சேர்த்துப் பேச வேண்டியதில்லை.

19 நவம்பர்

மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்துவிட்டு, அதுவரை வலியைத் தள்ள மோக்ஸா ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார். அறுவை செய்யப்போகும் மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். அறுவை செய்யும் இடத்துத் தோலில் சிறு புண்ணோ கொப்புளமோ இருந்தாலும் கிருமித்தொற்றுக்கு அஞ்சி நாளைத் தள்ளிவைத்துவிடுவார்கள். செயற்கை மூட்டில் தொற்று ஏற்பட்டால் மறுபடியும் திறக்க வேண்டிவரும். காத்திருக்கும் வாரங்களில் செய்யத்தக்கது தொடைத் தசைப் பயிற்சி. அறுவைக்குப் பிறகு முதல் நாளே எழுந்து நடக்கச் சொல்வார்கள், அப்போது அந்தத் தசை தேவைப்படும். ஒற்றடம் போதுமான அளவு இதம் தரும், அதையும் உறங்கும்போது வைத்துக்கொள்ள வேண்டாம். மாற்று மூட்டு ஏற்கெனவே பொருத்தப்பட்ட முழங்காலில் ஊசி இறக்கவே வேண்டாம்.